ஐந்து புள்ளி ஒன்று

மார்ச் 3, திங்கள்

காலையில் மூச்சளக்கிற மெஷினைத் துடைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, அட்டைக் குழலை வாயில் வைத்து, வழக்கம்போல் முதல் ஆளாக நானே ஊதினேன். 4.7. மூன்று தடவை ஊதினேன், மூன்றும் 4.7. மெஷினுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது.

என் மூச்சளவு 5.1 லிட்டர். இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து வருஷக்கணக்காக அதேதான். வயது நாற்பத்தெட்டு. புகையைத் தொட்டதில்லை. வாலிபத்தில் கால்பந்துக்கு நடுவராக நின்று நான் விசிலடித்தால் மைதானத்துக்கு வெளியே போகிறவனும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்: வாரம் ஒருமுறை ஆரோக்கியமான ஒரே ஆள் ஊதிப் பார்க்கவேண்டும், அவர் அளவு மாறினால் மெஷினைச் சந்தேகப்படு என்று. இங்கே அந்த ஆரோக்கியமான ஆள் நான்தான். என்னை விட்டால் வேறு யார்?

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. மூன்று லிட்டர் காற்றை அளந்து தள்ளுகிற பெரிய சிரிஞ்சு ஒன்று. அது கீழே விழுந்து விரிசல் விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. புதிது வேண்டும் என்று மேனேஜருக்கு ஐந்து கடிதம் எழுதிவிட்டேன். ஐந்தும் அவர் மேஜையில் நலமாக இருக்கின்றன.

போன ஆகஸ்டிலிருந்து நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன். மெஷின் எனக்கு எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ அதே விகிதத்தில் எல்லாருக்கும் கூட்டிவிடுவது. மெஷின் சொன்னதைப் பென்சிலிலும், திருத்தியதைப் பேனாவிலும் எழுதுகிறேன். டாக்டருக்குப் பேனா எண் மட்டும் போகும். இன்றைய கணக்கில் நூற்றுக்கு எட்டரை கூட்டவேண்டும்.

மேஜையில் மறுபடியும் வெள்ளையாகத் தூசி. விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கிறது. பெருக்குகிற அம்மாளிடம் கேட்டால், "நேத்துதான் சார் துடைச்சேன்" என்கிறாள். என் அறைக்குப் பின்சுவரை ஒட்டித்தான் கட்டிங் ஷெட். சமையலறை மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லை அங்கே அறுக்கிறார்கள். முன்பு தண்ணீர் விட்டு அறுத்தார்கள். ஆர்டர் குவிந்த பிறகு, ஒன்றரை வருஷமாக, காய்ந்த கல்லையே அறுக்கிறார்கள். வேகமாக முடிகிறதாம்.

மார்ச் 4, செவ்வாய்

கட்டிங் ஆட்கள் பதினாலு பேர் ஊதினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவர்களுக்கு.

நான் பக்கத்தில் நின்று, "ஊது ஊது ஊது, இன்னும் இன்னும், விடாதே" என்று கத்தவேண்டும். அதனால்தான் எனக்கு ஊதல் சார் என்று பெயர். தாடிக்காரன் ஊதி முடித்துவிட்டுச் சொன்னான்: "சார், எங்களைவிட நீங்கதான் அதிகமா மூச்சு விடுறீங்க." எல்லாரும் சிரித்தார்கள். உண்மையில் எனக்கும் தொண்டை வறண்டு இருமல் வந்துவிட்டது.

தாடிக்கு மெஷினில் 3.6. அவன் உயரத்துக்கும் வயதுக்கும் 3.7க்குக் கீழே போனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். திருத்திய பின் 3.9. தப்பித்தான்.

மாப்பிள்ளைக்கு மெஷினில் 4.4, திருத்தினால் 4.8. என் மகளைக் கட்டியவர். இருபத்தொன்பது வயது, கதவு நிலை இடிக்கிற உயரம். இந்த வேலையை நான்தான் வாங்கிக்கொடுத்தேன். "என்ன மாமா, பாஸா?" என்று கேட்டார். "உங்களுக்கென்ன மாப்பிள்ளை, குதிரை" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

இருமல் நிற்கவில்லை. வெந்நீர் குடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேக்கிங் பெண்களுக்கு இன்று. கேட்டுக்குப் பக்கத்துக் கட்டடம், கட்டிங் ஷெட்டுக்கு நேர் எதிர்க்கோடி. இவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான்.

ஒரு வேடிக்கை. போன வருஷம் 3.2 ஊதியவள் இந்த வருஷம் 3.5. பக்கத்தில் இருந்தவள் 2.9லிருந்து 3.1. கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஏற்றம். நாற்பது வயதுப் பெண்களுக்கு மூச்சு வளருகிறது. எல்லாம் நான் கத்துகிற கத்தலின் மகிமை.

டாக்டரிடம் சொன்னேன். அவர் வாரம் இரண்டு நாள் வருகிறவர், எப்போதும் பாதி எழுந்து நிற்பதுபோலத்தான் உட்கார்ந்திருப்பார். "நல்லதுதானே" என்று கையெழுத்துப் போட்டார்.

எனக்கு என் வேலைமேல் ஒரு கர்வம் உண்டு, இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவரிடம் வருகிறவன் நோயாளி. என்னிடம் வருகிறவன் நல்லா இருக்கிற ஆள். நல்லா இருக்கிறவனை வருஷா வருஷம் அளந்து கோடு போட்டால், கோடு சாயத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். அவனுக்கு வலி வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால். அந்த ஐந்து வருஷத்தில் அவன் குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும். இதை எந்த மாத்திரை கொடுக்கும்? ஆனால் யாருக்கும் மதிப்பு இல்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்?

மார்ச் 16, ஞாயிறு

மகள் வீட்டுக்குப் போனோம். ஏழாம் மாதம். முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது. இரண்டாம் மாடி, மாப்பிள்ளை தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். முதல் மாடித் திருப்பத்தில் கேனை இறக்கிவைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒன்னுமில்ல மாமா. உங்க பொண்ணு சமையல், வெயிட் போட்டுட்டேன்."

அவருக்கு இடுப்பில் பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேனை நான் தூக்கினேன், எனக்கும் மேலே போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லிஃப்ட் இல்லாத வீட்டைப் பார்த்துவைத்த தரகரைத் திட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

4.6. மெஷின் வாரத்துக்கு வாரம் சாகிறது. இனி நூற்றுக்குப் பதினொன்று கூட்டவேண்டும். மேனேஜருக்கு ஆறாவது கடிதம்.

இந்த எரிச்சலை வீட்டில் மனைவியிடம் கொட்டினேன். இவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். அப்புறம் சொன்னாள்: "முன்னெல்லாம் என்னை ஒரே மூச்சுல திட்டி முடிப்பீங்க. இப்ப நடுவுல நிறுத்தி நிறுத்தித் திட்டுறீங்க. எனக்கும் பதில் யோசிக்க நேரம் கிடைக்குது."

சிரித்துவிட்டேன். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

விழா. ஏதோ தொழில் சங்கக் கூட்டமைப்பு எங்கள் கம்பெனிக்கு 'முழு ஆரோக்கியத் தொழிற்கூடம்' என்று கேடயம் கொடுத்தது. மூச்சுப் பரிசோதனையில் ஒரு ஆள்கூட எல்லைக்குக் கீழே இல்லையாம். மேனேஜர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "நம்ம எல்லாருக்கும் வருமுன் காக்கிற காவல்காரர்" என்றார். கை தட்டினார்கள். கேட்டில் துணிப் பதாகை கட்டியாயிற்று.

தாடி வரவில்லை. காய்ச்சல் என்று நெட்டை சொன்னான். இருவரும் ஒரே அறுவை மெஷினில் நிற்கிற ஜோடி.

ஏப்ரல் 9, புதன்

தாடி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம். ஸ்கேனில் இரண்டு நுரையீரலும் பொட்டுப் பொட்டாக, கல் தூசி.

நெட்டை என் அறை வாசலிலேயே நின்று சொன்னான், உள்ளே வரவில்லை. "போன மாசம்தானே சார் நல்லாருக்குன்னு சொன்னீங்க. அவன் சம்சாரம் அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு டாக்டருங்ககிட்ட எல்லாம் காட்டுது."

என் கையெழுத்துப் போட்ட சீட்டு. 3.9. நான் கூட்டாமல் இருந்திருந்தால் 3.6. எல்லைக்குக் கீழே. அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.

மெஷின்தான் குறைவாகக் காட்டியது என்றால் தாடியின் நிஜ அளவு 3.9தானே? 3.9 ஊதுகிறவனுக்கு ஆக்ஸிஜன் எதற்கு?

ஏப்ரல் 10, வியாழன்

லீவு போட்டேன். பழைய ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துவந்து தரையில் விரித்தேன். பென்சில் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பேக்கிங்கில் 3.2 ஊதியவள். நான் வந்த முதல் வருஷம் 3.2. அப்புறம் 3.2. 3.2. 3.2. இந்த வருஷமும் பென்சிலில் 3.2. பக்கத்தில் இருந்தவள் எல்லா வருஷமும் 2.9. ஒருத்திக்கும் மாறவில்லை. பேனாவில்தான் அவர்களுக்கு மூச்சு வளர்ந்திருக்கிறது.

மூச்சு வளராது. அந்த வயதில் யாருக்கும் வளராது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். வேடிக்கை என்று எழுதிவைத்திருக்கிறேன், மேலே, என் கையாலேயே.

மெஷின் பழுது என்றால் எல்லாருக்கும் குறையவேண்டும். பேக்கிங்குக்குக் குறையவில்லை. கட்டிங்குக்குக் குறைந்திருக்கிறது, பதினாலு பேருக்கும். கட்டிங்கைத் தவிர இன்னும் ஒரே ஒரு ஆளுக்குக் குறைந்திருக்கிறது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு.

மெஷினில் கோளாறு இல்லை. ஐயோ, கோளாறு மெஷினில் இல்லவே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பெரியாஸ்பத்திரி லேபில் எனக்கு ஒரு பழைய சிநேகிதன். அரைமணி நேரம் என்று கெஞ்சி அவனிடமிருந்து மூன்று லிட்டர் சிரிஞ்சை வாங்கிவந்து, மெஷினில் பொருத்தித் தள்ளினேன்.

3.00. 3.01. 2.99. 3.00.

சிநேகிதனிடம் திருப்பிக் கொடுக்கும்போது "என்னடா, மெஷின் போச்சா?" என்று கேட்டான். "மெஷின் நல்லாத்தான்டா இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 12, சனி

பதினாலு பேருக்கும் புதிதாகக் கோடு போட்டேன், பென்சில் எண்களை வைத்து. பதினாலும் சாய்கிறது. தாடியைத் தவிர யாரும் இன்னும் எல்லையைத் தொடவில்லை. நெட்டை தொட எட்டு மாதம் இருக்கிறது, கோடு இப்படியே போனால்.

மாப்பிள்ளையின் கோடு: 5.0, 4.9, 4.7, 4.4. ஒவ்வொரு தடவையும் சரிவு கூடிக்கொண்டே போகிறது. பேனாவில் நான் அவருக்குக் கொடுத்தது: 5.0, 4.9, 4.9, 4.8.

போன செப்டம்பரில் அவர் என்னிடம் வந்தார். எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. "மாமா, நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது. பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிக் கேக்கவா?" என்றார். நான் சீட்டை எடுத்துக் காட்டினேன். 4.9. "போன தடவை எவ்வளவோ அதேதான் மாப்பிள்ளை. பயப்படாம வேலையைப் பாருங்க." அவரும் நம்பினார். அன்றைக்கு மெஷின் 4.7 என்றுதான் சொன்னது. மெஷின் சரியாகச் சொன்னது. நடுவில் நான் புகுந்து மாற்றிவிட்டேன்.

செப்டம்பரில் வெளியே எடுத்திருந்தால் ஆறு மாதத் தூசி உள்ளே போயிருக்காது. உள்ளே போனது இனி வெளியே வராது. அதற்கு மருந்தும் கிடையாது. பாவி, என்ன வேலை பார்த்திருக்கிறேன் நான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இந்த வாரம் நான் ஊதவில்லை.

டாக்டரிடமும் மேனேஜரிடமும் ஒன்றாகவே சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லையைத் தாண்டாதவங்களை நோயாளின்னு நான் எழுத முடியாதே" என்றார்.

"நோயாளி ஆகுறதுக்கு முன்ன சொல்றதுக்குத்தானே சார் என்னை வச்சிருக்கீங்க" என்றேன்.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டீ சொன்னார். புது மெஷின், புது சிரிஞ்சு, எனக்கு வேறு அறை, மாப்பிள்ளைக்குப் பேக்கிங், எல்லாம் இந்த வாரமே என்றார். "பழைய புஸ்தகத்தை மூடிடுவோம். புது மெஷின்ல வர்றதை முதல் கணக்கா வச்சுக்குவோம். திருத்தினது நீங்க, கையெழுத்து உங்களுது. கிளறினா யாருக்குக் கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க."

இன்றைய எண்ணை முதல் எண்ணாக வைத்தால் கோடு அங்கிருந்து நேராகத் தொடங்கும். சாய்ந்தது யாருக்கும் தெரியாது. ஷெட்டில் காய்ந்த கல்லை அறுத்துக்கொண்டே இருக்கலாம். யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார்.

நான் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மகள் வீடு. ரிஜிஸ்டரை மேஜைமேல் வைத்துச் சொன்னேன். மாப்பிள்ளை முதலில் சிரித்தார். "எனக்கு ஒன்னுமில்ல மாமா. படியேறும்போது கொஞ்சம் இரைக்கும், அவ்வளவுதான். பேக்கிங்குக்கு மாத்துறேன்னு அவரே சொல்றாரில்ல, பேசாம வாங்கிக்குவோம். நீங்களும் தப்பிச்சீங்க."

மகள் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பென்சில், பேனா. பென்சில், பேனா.

"செப்டம்பர்ல இவர் வர மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான்ப்பா, போய் அப்பாவைக் கேளுங்க, அப்பா சொன்னா சரியா இருக்கும்னு அனுப்பினேன்."

அழவில்லை அவள். அழுதிருந்தால் தேவலை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க பேக்கிங்குக்குப் போனா உங்க இடத்துக்கு வேற ஒருத்தர் வருவாரு. அவரு வீட்லயும் யாராவது இருப்பாங்க."

படி இறங்கும்போது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறும்போதுதான் பிடிக்கவேண்டும் என்று சொல்ல நினைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம். மின்விசிறிக்குக் கீழே அதிகாரி அம்மாள், எதிரே நான், மடியில் ஆறு ரிஜிஸ்டர். கம்பெனி கேட்டை விட்டு எடுத்துவரும்போது வாட்ச்மேன் "என்ன சார் மூட்டை?" என்றான். "என் கோணல் கணக்கு" என்றேன்.

அந்த அம்மாள் ஒரு மணி நேரம் படித்தார். பிறகு கேட்டார்: "இதுல ரெண்டு எண் இருக்கே. மாத்தச் சொன்னது யாரு, மேனேஜரா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி பிடித்தது. ஆமாம் என்றால் என் பாடு சுலபம்.

"யாரும் சொல்லல. நானேதான் மாத்துனேன். எனக்கு ஒன்னும் வராதுன்னு நினைச்சுட்டேன்."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். சிரிஞ்சு கேட்ட ஆறு கடிதங்களின் நகலையும், தண்ணீரை நிறுத்திய தேதியையும் வாங்கி வைத்துக்கொண்டார். "தாடிக்காரர்னு சொன்னீங்களே, அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தாடி போய்விட்டான். முப்பத்தாறு வயது.

ஏப்ரல் 29, செவ்வாய்

கட்டிங் ஷெட்டுக்குச் சீல். தண்ணீர்க் குழாயும் தூசி உறிஞ்சுகிற மெஷினும் வைக்கிறவரை திறக்கக்கூடாது. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான்.

கேட்டுக்கு வெளியே பதின்மூன்று பேரும் நின்றார்கள். ஒருவன் சொன்னான்: "நல்லா இருந்தவனை எல்லாம் நோயாளி ஆக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாரு, புண்ணியவான்." அவனுக்கு இன்று எங்கேயும் வலிக்கவில்லை. வலிக்கிறவனுக்கு ஆயிரம் சொல்லலாம், வலிக்காதவனிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது? அவன் கோடு எனக்கு மனப்பாடம். இரண்டு வருஷம் ஆகும் அவனுக்கு. இன்றோடு நிறுத்தினால் அதற்கு மேலும் ஆகலாம், வராமலேயும் போகலாம். எதையும் நிச்சயமாகச் சொல்லமுடியாது.

நெட்டை என்னைப் பார்க்காமல் தாண்டிப் போனான். நாலடி போய், நின்று, திரும்பாமலே கேட்டான். "எனக்கு எவ்வளவு சார், நிஜமா?"

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

மே 7, புதன்

பெரியாஸ்பத்திரியில் எல்லாருக்கும் இலவசமாக முழுப் பரிசோதனை, அரசாங்க உத்தரவு. மாப்பிள்ளைக்கும் எனக்கும் இருபதாம் தேதி.

மே 20, செவ்வாய்

பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை எனக்கு முன் டோக்கன். ஊதவைக்கிற பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இராது. குரல் போதாது, நான் என்றால் இன்னும் கத்தியிருப்பேன். மாப்பிள்ளை முகம் சிவக்க ஊதினார். அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அந்த உயரத்தையும் தோளையும் பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். மறுபடியும் அதே எண்.

"வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு கம்மியா வராதே" என்று மெஷினைத் தட்டினாள். "காலையிலேர்ந்து இது சரியில்ல போலிருக்கு. கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கட்டுமா அண்ணா?"

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கும்மா" என்றேன். "வந்ததை அப்படியே எழுதிக்க."

4.2 என்று எழுதினாள். மாப்பிள்ளை எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் போய் உட்கார்ந்து மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டேன்.